பறக்காத நிமிடங்கள்

1843. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஸ்கெரிவோர் என்ற பாறைத்திட்டில் ஒரு கலங்கரை விளக்கத்தின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கட்டியவர் ஆலன் ஸ்டீவன்சன். அவருடைய தம்பி தாமஸை அரித்துக்கொண்டிருந்தது வேறொரு கேள்வி: இந்தக் கோபுரத்தின்மீது வந்து விழும் அலையின் அடி எவ்வளவு? அதற்கென்றே ஒரு கருவி செய்தார். பாறையில் முடுக்கிய ஒரு வார்ப்பிரும்பு உருளை, அதன் முகப்பில் வட்டத் தகடு, உள்ளே ஒரு வில்சுருள். தகட்டோடு சேர்ந்து நகரும் கம்பிகளில் தோல் வளையங்கள் மாட்டியிருக்கும். அலை தகட்டை எவ்வளவு ஆழம் உள்ளே தள்ளியதோ, வளையம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடல் வற்றியதும் போய் அளந்துகொள்ள வேண்டியதுதான்.

கிடைத்த கணக்கை இன்றைய அளவில் சொன்னால், கோடை மாதங்களில் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 3 டன். குளிர்காலத்தில் 10 டன். 1845 மார்ச் 29 அன்று அடித்த புயலில் ஏறத்தாழ 30 டன். (வானிலை நிலையங்களில் வெப்பமானியை உள்ளே வைத்திருக்கும் வெள்ளைச் சாய்பலகைப் பெட்டி இருக்கிறதே, நம்மூர் உட்பட உலகெங்கும் 'ஸ்டீவன்சன் பெட்டி' என்றே வழங்குவது, அதை வடிவமைத்தவரும் இதே தாமஸ்தான். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இவருடைய மகன்.)

அந்தப் பாறையிலிருந்து 19 கிலோமீட்டர் வடகிழக்கே டைரீ தீவு இருக்கிறது. இன்று அதே கடலுக்குள் சிலர் ஒரு குட்டைப் பலகையையும் காற்றடைத்த துணிச்சிறகையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், விளையாட. விளையாட்டின் பெயர் விங் ஃபாயிலிங். பலகையில் நின்றபடி, கையில் சிறகைப் பிடித்துக்கொண்டு, நீர்மட்டத்துக்கு இரண்டு அடி மேலே பறப்பது. பார்ப்பவர்கள் வியப்பது அந்தப் பறத்தலைத்தான். இயற்பியல் தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய புதிர் அல்ல. டைரீ போன்ற ஒரு கடற்கரையில் புதிர் எல்லாம், பறக்காமல் இருக்கும் சில நிமிடங்களில் இருக்கிறது.

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீளம் சுமார் 19 கி.மீ., சராசரி அகலம் 5. மக்கள்தொகை 600 சொச்சம். மரம் என்று சொல்ல அதிகமில்லை. மிக உயர்ந்த குன்றே 141 மீட்டர்தான். ஓபன் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறினால் நான்கு மணி நேரம். கிளாஸ்கோவிலிருந்து குட்டி விமானமும் உண்டு. 1980-களிலிருந்து அக்டோபர் மாதத்தில் இங்கே பாய்மரச் சறுக்குப் போட்டி நடக்கிறது. அக்டோபர் என்றால் அங்கே புயல்கள் வரிசைகட்டத் தொடங்கும் காலம். அதற்காகவே அந்த மாதம்.

தீவின் மேற்குக் கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால், கனடாவின் லாப்ரடார் வரை நிலமே இல்லை. இடைவெளி 3,000 கி.மீ.க்கு மேல். அந்தக் கரையில் இதே அட்சரேகையில் இருக்கும் நெய்ன் என்ற ஊரில் குளிர்காலத்தில் கடல் உறைந்து, அதன்மேல் பனிவண்டி ஓட்டுகிறார்கள். டைரீயில் கடல் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் மேலைக்காற்றும் அதைக் காப்பாற்றுகின்றன. ஆனாலும் குளிர்கால முடிவில் நீரின் வெப்பம் 7 அல்லது 8 டிகிரிக்கு இறங்கிவிடும். நடுக்கோடையிலேகூட 13, 14-ஐத் தாண்டுவது அபூர்வம். சென்னைக் கடல் ஆண்டின் பெரும்பகுதி 27, 28 டிகிரிக்கு மேல் இருப்பது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த எண் எத்தகையது என்று விளங்கும்.

இனி, பறத்தல்.

பலகையின் அடியில் 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தண்டு இறங்குகிறது. மாஸ்ட் என்பார்கள். அதன் நுனியில் விமானத்தின் குட்டி உருவம்: முன்னே ஓர் இறக்கை, நடுவே ஒரு தண்டு, பின்னே சிறிய வால். இதுதான் ஃபாயில். கார்பன் இழையால் செய்தது. முன்னிறக்கை ஒரு மீட்டர் நீளமும் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலும் இருக்கும். பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர சென்டிமீட்டர். 80 கிலோ மனிதரையும் 15 கிலோ சாமானையும் இவ்வளவு சிறிய இறக்கை தூக்குமா? தூக்கும். காரணம், அது இருப்பது காற்றில் அல்ல, நீரில். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. இறக்கை தரும் தூக்குவிசை, பாயும் பொருளின் அடர்த்திக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் கூடும். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகம் வந்தாலே போதும், இந்தச் சிறிய இறக்கை 95 கிலோவைத் தாங்கிவிடும். சைக்கிளில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வரும் வேகம்.

பலகை நீரைவிட்டு எழுந்ததும் நடப்பதுதான் முக்கியம். நீரின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் ஆற்றலில் ஒரு பங்கை அலை கிளப்புவதில் செலவழிக்கிறது. எழுந்த பலகைக்கு அந்தச் செலவு இல்லை. நல்ல ஃபாயிலில் தூக்குவிசைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம் 12-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், 95 கிலோவைப் பறக்கவைக்க 8 கிலோ இழுப்பு போதும். கையில் இருக்கும் ஐந்து சதுர மீட்டர் சிறகு, 20 நாட் காற்றில் 25 கிலோ அளவுக்கு இழுக்கும். அதில் ஒரு பகுதி பக்கவாட்டில் போனாலும் மிச்சம் தாராளம்.

இதில் எதுவும் புதிய அறிவு இல்லை. இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி 1906-லேயே மஜ்ஜோரே ஏரியில் இப்படி ஒரு படகை எழுப்பி ஓட்டினார். தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் எச்டி-4 படகு 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவின் ஓர் ஏரியில் மணிக்கு 114 கி.மீ. வேகம் தொட்டது. பெல்லின் படகில் இறக்கைகள் ஏணிப்படிகளாக அடுக்கப்பட்டிருந்தன. வேகம் கூடக்கூடப் படகு உயரும். உயர உயர மேல்படிகள் நீரைவிட்டு வெளியே வந்துவிடும். தூக்குவிசை குறைந்து படகு தானாகவே ஓர் உயரத்தில் நிற்கும். இன்றைய ஃபாயிலில் அந்த வசதி கிடையாது. இறக்கை முழுவதும் நீருக்குள். அது எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பது அதற்கே தெரியாது. உயரத்தைக் கட்டுப்படுத்துவது ஓட்டுபவரின் பாதம் மட்டுமே. எடையை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால் இறங்கும், பின்னே தள்ளினால் ஏறும். கொஞ்சம் கூடுதலாக ஏறிவிட்டால் இறக்கையின் நுனி நீரைப் பிளந்து வெளியே வரும். அந்த நொடியில் மேற்பரப்பிலிருந்து காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, இறக்கையின் மேல்புறத்தில் நீருக்குப் பதில் காற்று ஒட்டிக்கொள்ளும். தூக்குவிசை பொத்தென்று போய்விடும், ஆளும் பொத்தென்று விழுவார்.

பாதத்தின் பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் முதலில் மரத்துப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று.

காற்றடைத்த கைச்சிறகு சந்தைக்கு வந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. 2019 வாக்கில்தான் பரவலானது. பாய்மரச் சறுக்கில் பாயைப் பலகையோடு பிணைக்கும் கம்பம் உண்டு. பட்டச் சறுக்கில் 20 மீட்டருக்கு மேல் கயிறுகள் உண்டு. இதில் இரண்டும் இல்லை. பிடித்தால் இழுக்கும், முன்கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் கொடி மாதிரி காற்றில் மிதந்துகொண்டு பின்னால் வரும். இந்தக் கடைசிக் குணம்தான் இதை அலைக்கு ஏற்ற கருவியாக்கியது.

அலையில் என்ன நடக்கிறது? அலை கரையை நோக்கிப் போகிறதே தவிர, நீர் போவதில்லை. ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ வட்டமாகச் சுழன்று பழைய இடத்துக்கே வருகிறது. முகட்டுக்கு முன்பக்கச் சரிவில் அந்தச் சுழற்சி மேல்நோக்கி இருக்கும். இரண்டு மீட்டர் உயரமும் பத்து நொடி இடைவெளியும் உள்ள அலையில், நீர் மேலேறும் வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஃபாயிலோ, காற்று இழுக்காவிட்டால் சறுக்கி இறங்க வேண்டியதுதான். 12 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் கீழே. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும்போது நொடிக்கு அரை மீட்டர் இறங்கும். இறங்கும் வேகத்தைவிட நீர் ஏறும் வேகம் அதிகம். மேலே ஏறிக்கொண்டிருக்கும் நகரும் படிக்கட்டில் ஒருவர் நிதானமாகக் கீழே இறங்கி நடந்தால் இருந்த உயரத்திலேயே இருப்பாரே, அதே கணக்கு. சிறகைக் கொடியாகப் பறக்கவிட்டு, காற்றின் உதவியே இல்லாமல், ஓட்டுபவர் அலையின் முகத்தில் வழுக்கிக்கொண்டே போகலாம். நீர் நுரைத்து உடைய வேண்டிய அவசியம்கூட இல்லை. சாதாரண அலைச்சறுக்குப் பலகைக்குச் செங்குத்தான, உடையத் தயாராகும் அலை வேண்டும். ஃபாயிலுக்கு மேடு இருந்தால் போதும்.

ஆனால் எல்லா மேடும் பிடிபடாது. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் இடைவெளியைப் பொறுத்தது: நொடிக் கணக்கை 1.56-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். ஐந்து நொடி அலை மணிக்கு 28 கி.மீ. ஓடும், ஃபாயிலால் அதன் கூடவே ஓட முடியும். பன்னிரண்டு நொடி அலையோ மணிக்கு 67 கி.மீ.; அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்தப் பெரிய அலையைப் பிடிக்கும் இடம் கரையோரம்தான். ஆழம் குறைந்ததும் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கத் தொடங்குகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் எப்பேர்ப்பட்ட அலையும் மணிக்கு 20 கி.மீ. அளவுக்குத்தான் ஓட முடியும். வேகத்தில் இழந்ததை அது உயரத்தில் ஈடுகட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு, பதினான்கு நொடி அலைகள் டைரீயில் பிறப்பவை அல்ல. கிரீன்லாந்துக்குத் தென்கிழக்கே எங்கோ ஒரு தாழ்வழுத்தம் கடலைக் கலக்கிவிட்டுப் போயிருக்கும். அங்கிருந்து 2,000 கி.மீ. பயணம். அலைக்கூட்டத்தின் ஆற்றல் தனி அலையின் வேகத்தில் பாதி வேகத்தில் நகர்வதால், பதினான்கு நொடி அலைகள் வந்துசேர இரண்டு நாளாகும். பத்து நொடி அலைகள் மூன்றாவது நாள்தான் வரும். ஆகவே முதலில் வருபவை நீண்ட அலைகள். உள்ளூரில் காற்றில்லாமல் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். குமரி மாவட்டத்துக் கடலோரத்தில் 'கள்ளக்கடல்' என்று எச்சரிக்கை விடுகிறார்களே, தெற்கே இந்தியப் பெருங்கடலின் புயல் அனுப்பிய அலைகள் வெயில் நாளில் கரையேறுவது, அதன் பின்னிருக்கும் கணக்கும் இதுதான்.

இப்போது கரையிலிருந்து உள்ளே போக வேண்டும். டைரீயின் வடமேற்கு முனையில் பாலிவுலின் என்ற வளைந்த வெண்மணல் கடற்கரை இருக்கிறது. சிப்பித்தூள் மணல். இதுபோன்ற தட்டையான கரையில் சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்று கொள்வோம். இரண்டு மீட்டர் அலை, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும், அதாவது 2.6 மீட்டர் ஆழத்தில். இடுப்பளவு நீர் ஒரு மீட்டர். இந்த இரண்டுக்கும் இடையில் 80 மீட்டர் தூரம், முழுவதும் உடைந்த நுரை. ஃபாயில் தரை தட்டாமல் இருக்கவே மார்பளவு ஆழம் வேண்டும். அது கிடைத்த பின்பும் நுரையில் பறக்க முடியாது. நுரை என்பது பாதி காற்று. அடர்த்தி குறைந்தால் தூக்குவிசையும் அதே விகிதத்தில் குறையும். குமிழிகள் இறக்கையின் மேல்புறம் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே இந்த 80 மீட்டரைக் கடப்பது நடையும் தள்ளுமாகத்தான். பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஃபாயில் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மற்ற கையில் சிறகைத் தலைக்கு மேல் மிதக்கவிட்டுப் போவார்கள். அலை வரும்போது பலகை எக்காரணம் கொண்டும் தனக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. இருந்தால், கார்பன் இறக்கையின் விளிம்பு நேரே விலா எலும்புக்கு வரும். அனுபவசாலிகள் முதலில் பத்து நிமிடம் கரையில் சும்மா நின்று பார்ப்பார்கள். உடையும் அலைகள் தள்ளிக்கொண்டு வந்த நீர் எங்காவது ஒரு வாய்க்காலாகத் திரும்பியே ஆக வேண்டும். அந்த இடத்தில் அலைகள் அவ்வளவாக உடையாது, நீர் கலங்கியிருக்கும். குளிக்கப் போகிறவரை ஆளோடு இழுத்துக்கொண்டு போகும் அதே ஓட்டம்தான் இவர்களுக்கு வாசல்.

பௌர்ணமி, அமாவாசையையொட்டி இங்கே கடல் ஏறியிறங்கும் அளவு 3 மீட்டருக்கு மேல். ஐம்பதுக்கு ஒன்று சரிவில் அது 150 மீட்டர். காலையில் பார்த்து வைத்த வாய்க்கால் மதியம் அங்கே இருக்காது.

குளிரைத் தனியாகப் பேச வேண்டும். அது மூன்று இடங்களில் கை வைக்கிறது: காற்றில், கருவியில், உடம்பில். காற்றில் செய்வது சிறிது. 5 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட 9 சதவீதம் அடர்த்தியானது. டைரீயின் 20 நாட் காற்று, கோடைக்கால நம் கரையின் 21 நாட் காற்றுக்குச் சமமாக இழுக்கும். குளிர்ந்த நீரின் பாகுத்தன்மை வெப்பநீரைவிட ஒன்றரை மடங்கு. அதனால் உராய்வு சற்றுக் கூடும். இவை இரண்டும் உண்மை, ஆனால் இவற்றால் யாருடைய நாளும் கெட்டதில்லை.

கருவியில் செய்வது கொஞ்சம் பெரிது. சிறகின் முன்விளிம்பு ஒரு காற்றுக்குழாய். அதில் 7 பி.எஸ்.ஐ. அடைத்தால்தான் விறைப்பாக நிற்கும். 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் அடைத்து 8 டிகிரி நீருக்குக் கொண்டுபோனால் அது 6-ஆகக் குறைந்துவிடும். போதாததற்கு, கைப்பம்பில் அடிக்கும்போது காற்று சூடாகிறது. அது ஆறும்போதும் அழுத்தம் இறங்கும். விறைப்புக் குறைந்த குழாய் பலமான காற்றில் வளைந்து கொடுக்கும். சிறகின் வடிவம் கெட்டு, இழுக்க வேண்டிய நேரத்தில் படபடக்கும். அடைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை அழுத்தம் பார்ப்பது வெறும் சடங்கு அல்ல.

உடம்புதான் பெரிய விஷயம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனால் குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் உடல் குளிர்ந்து இறப்பதில்லை. அதற்கு நேரம் கிடைப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம் விருப்பத்தைக் கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும். தொடர்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு. அந்த முதல் மூச்சின்போது வாய் நீருக்கடியில் இருந்தால் கதை முடிந்தது. நீர் உறைநிலையில் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 10 முதல் 15 டிகிரிக்குள்ளேயே இந்த அதிர்ச்சி ஏறத்தாழ உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. டைரீயின் கோடைக்கடல் சரியாக அந்த எல்லைக்குள் இருக்கிறது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று ஒரு வாய்ப்பாடாகவே சொல்லித்தருகிறார். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்க 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். குளிர்நீர் உடை இந்த எண்களை நீட்டுகிறது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் உடை அணிந்தவருக்கு மணிக்கணக்கில் தாங்கும். அந்த உடை வேலை செய்வது உள்ளே புகுந்த நீர் உடல்சூட்டில் வெதுவெதுப்பாவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950-களின் தொடக்கத்தில் இந்த உடையை உருவாக்கியபோதே கண்டது வேறு: காப்பது ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். உள்ளே நீர் புகுவது தவிர்க்க முடியாததால் பொறுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவே. புகுந்த நீர் தங்காமல் வந்து வந்து போனால் உடையால் பயனில்லை. அதனால்தான் கழுத்திலும் மணிக்கட்டிலும் அவ்வளவு இறுக்கம்.

உடை உடலைக் காக்கும். கையைக் காப்பது கடினம். விரல்களில் தசை கிடையாது. அவற்றை இயக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. குளிர் வந்ததும் உடல் செய்யும் முதல் சிக்கனம், விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது. சரி, தடித்த கையுறை போட்டால் என்ன? கையுறையின் ரப்பர் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் எதிர்த்துத் தள்ளும். சிறகின் பிடியை அரை மணி நேரம் பற்றிக்கொண்டிருப்பவர் பிடியோடு மட்டுமா போராடுகிறார், கையுறையோடும் போராடுகிறார். முன்கை கல்லாக இறுகிவிடும். விரல்களை ஏற்கெனவே வளைந்த நிலையில் வார்த்த கையுறைகள், உள்ளங்கை திறந்த உறைகள் எல்லாம் இந்தத் தொல்லைக்காக வந்தவை. எதுவும் முழுத் தீர்வு இல்லை. காலுறைக்கும் இதே கதி: தடிமன் கூடினால் சூடு உண்டு, பலகை சாய்வதைப் பாதம் உணர்வது குறையும். பாதம்தான் உயரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்த்தோம். மரத்த பாதத்தால் விழுவது கூடும். விழ விழ இன்னும் மரக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்த விளையாட்டின் அபாயம் அதன் செயல்திறனிலேயே இருக்கிறது. இது என் கருத்து. இதை விளையாடுகிறவர்களில் பலர் அலையைத்தான் முதல் அபாயமாகச் சொல்வார்கள். 8 கிலோ இழுப்பில் மணிக்கு 28 கி.மீ. வேகம் கிடைக்கிறது. மூச்சு வாங்காது, சத்தம் இருக்காது, தூரம் போவதே தெரியாது. பத்து நிமிடத்தில் 4.7 கி.மீ. அங்கே காற்று நின்றுபோனால்? சிறகு கிழிந்தால்? பறக்கும்போது வரமாக இருந்த ஃபாயில் இப்போது நீருக்குள் தொங்கும் சுமை, மடக்கிவைக்க வழியில்லை. ஐந்தடிப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்பிட்டால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தேறினாலே அதிகம். பத்து நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்ப மூன்று மணி நேரம், அதுவும் கை ஒத்துழைத்தால். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் அந்தக் கணக்கும் கிடையாது. மீட்பு ஹெலிகாப்டர் வர வேண்டுமென்றால் பிரெஸ்ட்விக், ஸ்டோர்னோவே தளங்கள் இரண்டும் ஏறத்தாழ 180 முதல் 190 கி.மீ. தொலைவில் இருக்கின்றன.

இந்தத் தீவைத் தெரிந்தவர்கள் கடலை நேராகக் குத்திக்கொண்டு வெளியே போவதில்லை. கரைக்கு இணையாக ஓடுகிறார்கள். காற்று பக்கவாட்டிலோ, பக்கவாட்டிலிருந்து சற்றுக் கரைப்பக்கமாகவோ வீசும் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாத் திசைக்கும் முகம் காட்டும் கடற்கரைகள் இருப்பதால் டைரீயில் அது முடியும். மேற்கே கடல் கொந்தளிக்கும் நாளில் கிழக்கே காட் விரிகுடா அடங்கிக் கிடக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு வாசபோல் என்ற நன்னீர் ஏரியும் உண்டு. தாழ்ந்த தீவு என்பதால் காற்றைக் குழப்பிவிட மலையோ தோப்போ இல்லை. கடல்மேல் வந்த காற்று அதே சீரில் தீவைக் கடக்கும். இதற்காகவே இவ்வளவு தூரம் வருகிறார்கள். உடுப்பின் பையில் ஒரு நீர்புகா வானொலி, செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பாடு போடும் சிறு கருவி. சிறகு முழுக்கக் காற்று இறங்காதவரை அதைவிட்டுப் பிரியக் கூடாது என்பது விதி. மிதப்பதற்கு அது, மேலிருந்து தேடுகிறவர் கண்ணில் படுவதற்கும் அது. கறுப்பு உடை அணிந்த தலை அலைகளுக்கு நடுவே கண்ணில் படாது.

கரையேறிய பின்னும் குளிர் தன் வேலையை நிறுத்துவதில்லை. கை கால்களில் தங்கிவிட்ட குளிர்ந்த ரத்தமும் தசையும் உள்ளிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உடலின் நடுப்பகுதி மேலும் சிறிது நேரம் குளிரும். நடுக்கம் பலருக்கு அப்போதுதான் தொடங்கும். ஃபிளாஸ்க்கில் தேநீர் வைத்திருப்பார்கள். 60 டிகிரிச் சூட்டில் 300 மில்லிலிட்டர் தேநீர் 80 கிலோ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். பல் கிடுகிடுக்க நடுங்கும் உடம்பு அந்த வெப்பத்தை ஒன்றரை நிமிடத்தில் தானே உண்டாக்கிவிடும். தேநீரின் பயன் வேறு: கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், முதுகிலிருக்கும் ஜிப்பை இழுக்கும் அளவுக்காவது விரல்கள் மடங்கத் தொடங்கும்.